தலை சுற்றியது... மாத்திரையை நிறுத்தினேன்!



கல்யாணமாகி வந்த நாளில் இருந்து இந்தப் பகுதியை விடாமல் படித்து வருகிறேன். ஆனால் எழுதுவது இதுதான் முதல் தடவை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத்தில் குற்றம் குறை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள். நான் செய்த ஒரு பைத்தியக்காரத்தனத்தை இன்னொரு பெண் செய்துவிடக் கூடாது என்றுதான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 38. ராஜபாளையத்தில் குடியிருக்கிறோம். என் கணவர் நூற்பாலையில் வேலை பார்க்கிறார். ஒரு மகள், ஒரு மகன். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்.

2024 மார்ச் மாதம் ஒரு மத்தியானம், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வரும் தன்னார்வலர் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தார். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தமிழக அரசு ஆரம்பித்த திட்டம் இது. வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மருந்தும் கொடுப்பார்கள். அந்தப் பெண் வந்தது என் மாமியாருக்கு சர்க்கரை மாத்திரை கொடுக்கத்தான். கிளம்பும்போது, "அக்கா, நீங்களும் கையை நீட்டுங்க. சும்மா பாத்துருவோம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் நீட்டினேன். மெஷினில் 162-க்கு 104 என்று வந்தது. அவர் முகம் மாறிவிட்டது. "அஞ்சு நிமிஷம் பேசாம உக்காருங்கக்கா" என்று சொல்லி மறுபடி பார்த்தார். 160-க்கு 102.

எனக்கு நம்பிக்கையே வரவில்லை. தலைவலி இல்லை, நெஞ்சு வலி இல்லை, ஒரு குறையும் இல்லை. வீட்டு வேலை அத்தனையும் நானேதான் பார்க்கிறேன். எனக்கா பிரஷர்?

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா இரண்டு வேறு வேறு நாள் வரச்சொல்லி அளந்து பார்த்தார். 140-க்கு 90 என்ற அளவை எல்லா நாளும் தாண்டியிருந்தது. "வயசு சின்னதுதான். ஆனா உங்க அப்பாவுக்கு இருந்திருக்குன்னு சொல்றீங்க. அசட்டையா விடக் கூடாதும்மா" என்று அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைக்கச் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு எல்லாம் சேர்த்தே 5 கிராம் உப்புக்குள்தான், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்தான் இருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் ஊறுகாயிலேயே அவ்வளவு போகும்!

ஒரு மாதம் கழித்துப் போனபோது 152-க்கு 96 இருந்தது. டெல்மிசார்டன் 40 என்று இரண்டாவது மாத்திரை சேர்த்தார்கள். அதைக் கொடுக்கும் முன், "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியாச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார். கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பம் தரிக்க வாய்ப்பு உள்ளவர்களும் அந்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாதாம், குழந்தைக்குக் கெடுதலாம். நான் ஆபரேஷன் செய்துகொண்டவள் என்பதால் கொடுத்தார். முப்பது வயதில் இருக்கும் சகோதரிகள் இதை மட்டும் மறக்காமல் மனதில் வையுங்கள். பக்கத்து வீட்டு மாத்திரையை 'எனக்கும் பிரஷர்தானே' என்று வாங்கிப் போடாதீர்கள்.

அடுப்படியில் நடந்தது

இரண்டாவது மாத்திரை ஆரம்பித்து நாலைந்து நாளில் தலை கிறுகிறுக்க ஆரம்பித்தது. காலையில் பாயை விட்டு எழுந்தால் ஒரு ஆட்டம். கோலம் போட்டு நிமிர்ந்தால் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கும். கீழே உட்கார்ந்து காய் நறுக்கிவிட்டு எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெயிலோ அக்னி நட்சத்திர வெயில்.

என் மாமியார், "ஏத்தா, இது லோ பிரஷர். உப்புப் போட்டு எலுமிச்சம்பழ ஜூஸ் குடி" என்று கலக்கிக் கொடுப்பார். நானும் குடிப்பேன். பாவம், அவர் பாசத்தில்தான் செய்தார். காலையில் பிரஷரைக் குறைக்க மாத்திரை, பதினோரு மணிக்கு ஏற்றுவதற்கு உப்பு! இந்தக் கூத்து ஒரு வாரம் நடந்தது.

மே மாதம் நடுவில் ஒரு நாள் காலை. என் கணவர் 6 மணி ஷிஃப்டுக்குப் போய்விட்டார். நான் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, அடுப்படிக்கு வந்து சோறு வடிக்கப் பானையைத் தூக்கினேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. காது அடைத்தது. கையில் பானை இருப்பது தெரிகிறது, ஆனால் கை என்னுடையது மாதிரி இல்லை. பானை நழுவி விழுந்தது. கொதிக்கிற கஞ்சி என் வலது பாதத்தில் கொட்டியது. ஏழு வயது மகன் இரண்டடி தள்ளி உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தான். அவன் மேல் ஒரு சொட்டுப் படவில்லை. அது என் குலசாமி புண்ணியம்.

பாதத்தில் கொப்புளம் வந்தது, ஆறியது. ஆனால் அந்த இரண்டடி தூரம் என் மனதை விட்டுப் போகவில்லை. பிள்ளை முகத்தில் கொட்டியிருந்தால்? ராத்திரி எல்லாம் தூக்கம் இல்லை. விடியும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். 'பிரஷர் இருந்தபோது நான் நன்றாகத்தான் இருந்தேன். மாத்திரை போட்ட பிறகுதான் நோயாளி ஆனேன். இனிமேல் வேண்டாம்.'

யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னால் திட்டுவார் என்று பயம். என் கணவரிடம் சொன்னால் ஒரு நாள் லீவு போட்டு அழைத்துக்கொண்டு போவார், சம்பளம் போகும். தினமும் மாத்திரையை அட்டையில் இருந்து பிரிப்பேன். பரணில் இருந்த பழைய மஞ்சள்தூள் டப்பாவில் போட்டு மூடிவிடுவேன். அட்டை காலியாவதைப் பார்த்து வீட்டில் எல்லாரும் நான் ஒழுங்காகச் சாப்பிடுவதாக நினைத்தார்கள். இரண்டே நாளில் தலைசுற்றல் குறைந்தது. 'பார்த்தாயா, நான் நினைத்தது சரி' என்று எனக்கே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

டப்பாவைத் திறந்த மகள்

பதினோரு நாள் இப்படிப் போனது. பள்ளிக்கூட லீவில் வீட்டில் இருந்த என் மகள், மருதாணிப் பொடி தேடிப் பரணில் ஏறினாள். அவளுக்கு அப்போது 14 வயது. டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து என் முன்னால் தரையில் கொட்டினாள். ஒவ்வொன்றாக எண்ணினாள். 22 மாத்திரை.

"அம்மா, இது என்னம்மா?"

எனக்குப் பதில் வரவில்லை.

"தாத்தா மாதிரி நீயும் கட்டில்ல படுத்துக்கணுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள்.

சகோதரிகளே, இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். முத்து முத்தான கையெழுத்து. அவருக்கும் பிரஷர் இருந்தது. 2011-ம் வருடம், "மாத்திரை போட்டா தலை கிறுகிறுங்குது, கணக்கு எழுத முடியலை" என்று தானாகவே நிறுத்தினார். மூன்று மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. நாலாவது மாதம் ஒரு விடியற்காலையில் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. பேச்சும் போனது. கணக்கு எழுதிய அதே கை. நாலு வருடம் கட்டிலில் கிடந்து 2015-ல் காலமானார். என் மகளுக்குத் தாத்தா என்றாலே, கட்டிலில் படுத்துக்கொண்டு இடது கையால் அவள் தலையைத் தடவுகிற மனுஷர்தான். தாத்தா குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

அப்பாவுக்கு மலம் எடுத்தவள் நான், சோறு ஊட்டியவள் நான். எல்லாம் தெரிந்த நானே அவர் செய்ததையே செய்திருக்கிறேன். ஏன் செய்தேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். பிரஷர் கண்ணுக்குத் தெரியாது, வலிக்காது. தலைசுற்றல் தெரிகிறது, பயமுறுத்துகிறது. தெரிகிற கஷ்டத்தைத் தள்ளிவிட்டு, தெரியாத ஆபத்தைக் கட்டிக்கொண்டேன். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே என் கணவரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

எப்படிச் சுற்றுகிறது?

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனோம். பிரஷர் 168-க்கு 106 இருந்தது. நிறுத்தியதைச் சொன்னேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கேட்டது இதுதான்: "தலை சுத்துதுன்னு சொல்றீங்களே, எப்படிச் சுத்துதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

இதில் என்ன எப்படி என்று விழித்தேன். அவர் விளக்கினார். நாம் எல்லாவற்றுக்கும் தலைசுற்றல் என்று ஒரே வார்த்தை சொல்லிவிடுகிறோம். ஆனால் டாக்டருக்கு ஒவ்வொன்றும் வேறு வேறாம்.

வீடே சுற்றுகிற மாதிரி, ராட்டினத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தால், அதுவும் படுக்கையில் புரண்டால் சுற்றினால், பெரும்பாலும் காது சம்பந்தப்பட்டதாக இருக்கும். உட்கார்ந்து எழும்போது கண் இருட்டி, கிர்ரென்று வந்து, உட்கார்ந்ததும் சரியாகிவிட்டால் அது பிரஷர் திடீரென்று இறங்குவதால் இருக்கலாம். நாள் முழுக்க அசதி, படி ஏறினால் மூச்சு வாங்குதல், வெளிறிப்போதல் என்று இருந்தால் ரத்தக் குறைவைப் பார்க்க வேண்டும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பசியோடு, வியர்வையோடு, கை நடுங்கி மயக்கம் வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம்.

ஆகவே சகோதரிகளே, டாக்டரிடம் போகும்போது 'தலை சுத்துது' என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது, என்ன செய்யும்போது, எவ்வளவு நேரம், எப்படி என்று சொல்லுங்கள்.

"எனக்கு எழுந்து நின்னா கண்ணு இருட்டுது" என்றேன். டாக்டரம்மா முதலில் அம்லோடிபினை மட்டும் மறுபடி ஆரம்பித்தார். அது போட்ட அன்றைக்கே முழு வேலையும் செய்யாதாம், நிலையாக வேலை செய்ய ஒரு வாரம் போல ஆகுமாம். இரண்டு வாரம் கழித்து டெல்மிசார்டனைப் பாதி அளவில், 20 மில்லிகிராமில் சேர்த்தார். "தலை சுத்தினா நிறுத்தாதீங்க, அன்னைக்கே வாங்க" என்றார். சேர்த்த ஐந்தாம் நாள் லேசாகச் சுற்றியது. இந்தத் தடவை டப்பாவைத் தேடவில்லை, டாக்டரம்மாவைத் தேடிப் போனேன்.

அன்று செய்த சோதனையை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். என்னைப் படுக்க வைத்து ஐந்து நிமிடம் கழித்து அளந்தார். 136-க்கு 86. பிறகு எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அளந்தார். 112-க்கு 76-க்கு இறங்கிவிட்டது. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20-ம் அதற்கு மேலும், அல்லது கீழ் எண் 10-ம் அதற்கு மேலும் இறங்கினால் கவனிக்க வேண்டுமாம். எனக்கு மேல் எண் 24 இறங்கியிருந்தது. உட்கார வைத்து மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

காரணத்தையும் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டர் போல ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுமாம். உடனே ரத்தக்குழாய்கள் சுருங்கி, இதயம் கொஞ்சம் வேகமாக அடித்து மூளைக்கு ரத்தத்தை மேலே ஏற்றும். "உங்க உடம்பு பல வருஷமா அதிக அழுத்தத்துக்கே பழகிடுச்சும்மா. மாடித் தொட்டியில இருந்து வேகமா வந்த தண்ணி திடீர்னு மெதுவா வந்தா எப்படி இருக்கும்? அப்படித்தான். புது அளவுக்கு உடம்பு பழகக் கொஞ்ச வாரம் ஆகும். அதுக்குள்ள நீங்க தண்ணி குடிக்காம, சாப்பிடாம, வெயில்ல அடுப்படியில நின்னா உடம்பு என்ன பண்ணும்?"

அப்போதுதான் என் வழக்கத்தைக் கேட்டார். காலையில் 5 மணிக்கு எழுந்திருப்பேன். வெறும் வயிற்றில் இரண்டு மாத்திரையையும் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்குவேன். எல்லாருக்கும் செய்து, கொடுத்து, துவைத்து, நான் சாப்பிட உட்காரும்போது மணி 11 ஆகிவிடும். அதுவரை தண்ணீர் குடித்த ஞாபகமே இருக்காது. வெள்ளிக்கிழமை விரதம் வேறு. மாதவிலக்கில் அதிகப் போக்கு உண்டு. அதையும் யாரிடமும் சொன்னதில்லை. ரத்தம் சோதித்தார்கள். 12-க்கு மேல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எனக்கு 9.2 தான் இருந்தது.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பாதி மாத்திரையோட வேலைம்மா. மீதிப் பாதி உங்க பட்டினியோட வேலை."

நான் இப்போது கடைப்பிடிப்பவை

டாக்டரம்மா எனக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். அதிகப் போக்குக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்னார். பிரஷர் மாத்திரைகளில் ஒன்றைக் காலைக்கும் ஒன்றை இரவுக்கும் பிரித்துக் கொடுத்தார். இது என் உடம்புக்குச் சொன்னது. உங்கள் மாத்திரையை நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள், உங்கள் டாக்டரைக் கேளுங்கள். ஆனால் கீழே உள்ள பழக்கங்கள் யாருக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

1. விழித்ததும் துள்ளி எழுவதில்லை. ஒருக்களித்துத் திரும்பி, கை ஊன்றி உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் பத்து தடவை அசைத்து, ஒரு நிமிடம் கழித்துச் சுவரையோ கட்டிலையோ பிடித்து எழுந்திருக்கிறேன். ராத்திரி பாத்ரூம் போக எழும்போதும் இப்படித்தான். விளக்கைப் போடாமல் நடப்பதில்லை.

2. கோலம் போடுவதை விடவில்லை. குனிந்து போடுவதற்குப் பதில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து போடுகிறேன். எழும்போது முதலில் நிலைக்கதவைப் பிடிப்பேன், பிறகு நிமிர்வேன். பழகும் வரை கோலமும் சின்னதுதான்!

3. காய் நறுக்குவது, மாவு பிசைவது எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து. சோறு வடிப்பது நின்றுவிட்டது, குக்கர்தான். சுடுகஞ்சிப் பானையைத் தூக்கும் வேலையே இல்லை. ஒரு மாதம் மாடிப்படியில் ஈரத்துணி வாளியோடு ஏறவில்லை, என் மகள் ஏறினாள்.

4. மாத்திரை போடும் முன் ஒரு டம்ளர் தண்ணீர். 8 மணிக்குள் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிடுகிறேன். அடுப்படியில் ஒரு சொம்புத் தண்ணீரை மூடி வைத்து, மத்தியானத்துக்குள் காலி செய்கிறேன். மோர் குடித்தால் உப்பில்லாமல். சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

5. கொதிக்கக் கொதிக்கத் தலைக்குக் குளிப்பது கூடாது. சுடுதண்ணீர் பட்டால் ரத்தக்குழாய் விரிந்து பிரஷர் இறங்கும். வெதுவெதுப்பாக, உட்கார்ந்து குளிக்கிறேன். பாத்ரூம் கதவைத் தாழ் போடாமல் சாத்துகிறேன்.

6. ரேஷன் கடை வரிசையில், கோயில் வரிசையில் ஒரே இடத்தில் மரம் மாதிரி நிற்காமல் குதிகாலைத் தூக்கி இறக்கிக்கொண்டே இருக்கிறேன். கெண்டைக்கால் தசை அசைந்தால் ரத்தம் மேலே ஏறும். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

7. சுற்றுவது போல் வந்தால் வீராப்புக் காட்டாமல், எந்த இடமானாலும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். முடிந்தால் படுத்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைக்க வேண்டும். அடுப்பை அணைக்கக் கூப்பிட ஆள் இருந்தால் கூப்பிட வேண்டும். 'இந்த ஒரு வேலையை முடித்துவிட்டு உட்காரலாம்' என்று நினைப்பதில்தான் விழுகிறோம்.

8. ஒரு வேளை மாத்திரை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. மூட்டு வலி, இடுப்பு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கினாலோ, நாட்டு மருந்து சாப்பிட்டாலோ டாக்டரிடம் சொல்ல வேண்டும். சில வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றிவிடும்.

9. விரதம் இருக்கும் நாளை முன்கூட்டியே டாக்டரம்மாவிடம் சொல்கிறேன். இப்போது வெள்ளிக்கிழமை முழுப் பட்டினி இல்லை. பால், பழம், தண்ணீர் உண்டு. அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

10. என் மகள் பழைய நோட்டில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாள். தேதி, நேரம், பிரஷர், சுற்றியதா, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எழுதுகிறேன். என் கணவர் போனஸில் ஒரு பிரஷர் மெஷின் வாங்கிக் கொடுத்தார். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது. என் மாமியார் பேசாமல் இருப்பதுதான் கஷ்டம்!

இன்னொன்று. எல்லாத் தலைசுற்றலையும் 'மாத்திரைதான்' என்று விட்டுவிடக் கூடாது. சுற்றலோடு ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, நினைவு தப்பி விழுந்தாலோ ஒரு நிமிடமும் யோசிக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். என் அப்பாவுக்கு வாய் கோணிய அன்று, 'வாயு பிடித்திருக்கும், கொஞ்சம் பார்ப்போம்' என்று மத்தியானம் வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வருத்தம் எங்களுக்கு இன்னும் தீரவில்லை.

இப்போது எப்படி இருக்கிறேன்?

ஜூலை முதல் வாரத்தில் தலைசுற்றல் அடியோடு குறைந்தது. ஆடி பிறக்கும்போது பிரஷர் 128-க்கு 82. நிற்க வைத்து அளந்தாலும் 120-க்கு 80. ஆறு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.8 ஆனது. மாத்திரை இன்னும் சாப்பிடுகிறேன். "எவ்வளவு நாளைக்கு டாக்டர்?" என்று கேட்டேன். "கண்ணாடி போட்டவங்க, கண்ணு தெரியுதுன்னு கண்ணாடியக் கழட்டிடுவாங்களாம்மா?" என்று சிரித்தார்.

என் மாமியாரும் மாறிவிட்டார். உப்பு ஜூஸ் நின்றது. காலை 8 மணி ஆனால் கூடத்தில் இருந்தே குரல் வரும்: "ஏத்தா, சாப்ட்டியா?" பதினாறு வருடக் குடித்தனத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. கேட்கும்படி நானும் நடந்துகொண்டதில்லை.

அந்த மஞ்சள்தூள் டப்பாவை என் மகள் தூக்கிப் போடவில்லை. கழுவிக் காயவைத்து, என் மாத்திரை அட்டைகளை அதில் போட்டு, சாமி அலமாரிக்குப் பக்கத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் எண்ணிப் பார்க்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. எண்ணட்டும்.

இதைப் படிக்கும் சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு டப்பா இருந்தால் இன்றைக்கே எடுங்கள். அதைக் கையோடு டாக்டரிடம் கொண்டு போங்கள். "தலை சுத்துது, அதனால போடலை" என்று தைரியமாகச் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம், நேரத்தை மாற்றலாம். அவர்கள் கையில் பத்து வழி இருக்கிறது. நாமாக நிறுத்தினால் ஒரு வழியும் இல்லை.

– ஒரு வாசகி, ராஜபாளையம்.